பெயர் சொல்லும் பொருள்

பாட்டியின் சுருக்குப்பை, தாத்தாவின் மூக்குக்கண்ணாடி, வெற்றிலைப் பெட்டி. நம் மாணவர்கள் எழுதித் தரும் கவிதைகளில் இவை தவறாமல் வந்து அமர்ந்துவிடுகின்றன. எந்தப் பாட்டி, எந்த ஊர், பையில் என்ன இருந்தது என்று கேட்டால் மட்டும் பதில் வருவதில்லை. கண்ணீர் இருக்கிறது, ஆள் இல்லை. நினைவுப் பொருளிலிருந்து கலை செய்ய விழைவோர் முதலில் களைய வேண்டிய குறை இதுவே என்பது நம் கருத்து.

நாம் வாழும் ஆலங்காயம் சவ்வாது மலைச் சாரலில் உள்ளது. மலைக்குத் தெற்கே, செங்கம் வட்டாரத்து எடத்தனூரில், மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. வீரனுடன் அவனது நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. கல்வெட்டு நாயின் பெயரையும் சொல்கிறது: கோவிவன். கள்வரைக் கடித்துக் காவல் நின்றதாம். அப்பெயர் பொறிக்கப்படாதிருந்தால் அது வெறும் நாய்ச் சிற்பம்தான். அழுத ஊர் மறைந்து ஆயிரத்து நானூறு ஆண்டுகள் ஆகின்றன, விவரம் நிலைத்திருக்கிறது.

விவரத்தைக் காக்கும் இப்பண்பை இக்காலக் கலையிலும் காணலாம். யாழ்ப்பாண ஓவியர் தா. சனாதனனின் நூல் 2011இல் வெளிவந்தது. 'முற்றுப்பெறாத தோம்பு' என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்புடையது. தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்து நிலப் பதிவேடு. போரினால் இடம்பெயர்ந்தோர் தாம் இழந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்து தந்தனர். அதனைக் கட்டடக்கலை வரைபடமாக்கி, அருகே தம் ஓவியத்தையும் வைத்தார் சனாதனன். பெட்டியில் எடுத்துவர ஒன்றும் இல்லாதவருக்குக் கிணறு இருந்த மூலையும் வாசல் பார்த்த திசையுமே நினைவுப் பொருட்கள். கலைஞர் அவர்களுக்காக அழவில்லை. அவர்கள் வரைந்த கோட்டுக்குப் பக்கத்தில் தம் கோட்டை வைத்தார். பிறர் துயரைக் கையாள்வோர் கொள்ள வேண்டிய அடக்கம் அது.

இத்தனை நுணுக்கம் படைப்பை ஒரு குடும்பத்துக்குள் சுருக்கிவிடாதா என்று நண்பர்கள் கேட்பதுண்டு. நம் அனுபவம் நேர்மாறானது. பொதுவான பாட்டிக்காக யாரும் நின்று படிப்பதில்லை. சாமை அளந்த படியின் விளிம்பு ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருப்பதைச் சொன்னால், அயலூர்க்காரரும் தம் வீட்டுப் படியை நினைத்துக்கொள்வார்.

அந்தப் படி பழைய பாத்திரக்காரரிடம் எடைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. போகட்டும், எல்லாவற்றையும் வீட்டில் வைத்திருக்க இயலாது. ஆயினும், அதனை யார் வாங்கினார்கள், எந்த ஆண்டில், எந்தச் சந்தையில், ஒடுக்கு எப்படி விழுந்தது என்பதைச் சொல்லத் தெரிந்தவர் திண்ணையில் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். எழுதியதை வெளியிட அவரது இசைவையும் பெற வேண்டும். கவிதையோ ஓவியமோ அதன்பின் வரட்டும். அவர் போனபின் பொருள் கையில் இருந்தாலும், அதைப் பற்றி நாம் புனைவதெல்லாம் நம்மைப் பற்றியதாகவே இருக்கும்.