சித்தி என்று கூப்பிடலாமா?

தாம்பரம் மின்சார ரயிலில், பழவந்தாங்கலில் ஏறிய பெண்மணி மடியில் தூக்குடன் எதிரே அமர்ந்தாள். குரோம்பேட்டையில் இருக்கும் அப்பாவுக்கு ரசமாம். விவாகரத்தாகி, அறுபது வயதில் மறுமணம் செய்துகொண்டவர் அவர்.

"அவர் மனைவியைச் சித்தி என்றால் வீட்டில் அம்மாவின் மனம் நோகும், சொல்லாவிட்டால் அப்பாவின் முகம் வாடும்!" என்றாள்.

1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் விவாகரத்துக்கு வழி செய்தது. 2007-ஆம் ஆண்டின் முதியோர் பராமரிப்புச் சட்டமோ, மாற்றாந்தாயையும் 'பெற்றோர்' என்றே கணக்கிடுகிறது. பிழைக்க வழியற்ற பெற்றோர், பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத் தொகை கேட்டுக் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம்.

பணத்துக்குச் சட்டம் உண்டு. 'சித்தி' என்ற சொல்லுக்கு ஏது? அம்மா ஒருத்திதான் அதற்கு அனுமதி தர முடியும். "கூப்பிடேன், எனக்கென்ன!" என்று அவள் சொல்லிவிட்டால், மகளின் பாரம் பாதி குறையும்.

சகோதரிகளே, சொல்வோமா?