தேளுக்குப் பூணூல்

விருச்சிகம் பிராமண ராசி. நான் சொல்லலை, ஜோதிட நூல்கள் சொல்லுது. பன்னிரண்டு ராசிகளை நாலு வர்ணத்துக்கும் மும்மூன்றாகப் பங்கு போட்டிருக்கிறார்கள். கடகம், விருச்சிகம், மீனம் பிராமணர். மேஷம், சிம்மம், தனுசு சத்திரியர். ரிஷபம், கன்னி, மகரம் வைசியர். மிதுனம், துலாம், கும்பம் சூத்திரர். பன்னிரண்டும் தீர்ந்துபோச்சு. ஊர்த்தெரு முடிகிற இடத்திலேயே வானமும் முடிந்துவிட்டது.

கடகம்னா நண்டு, விருச்சிகம்னா தேள், மீனம்னா மீன். வரப்பு வளையில் கையை விட்டு நாங்கள் பிடித்த நண்டையும், வாய்க்கால் சேற்றில் துழாவிப் பிடித்த மீனையும் பார்த்து மூக்கைப் பொத்தினவன், அதுங்க ஆகாசத்துக்குப் போனதும் பூணூல் மாட்டிவிட்டான். தேளுக்கு எந்தத் தோளில் மாட்டினான் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சிரித்துவிட்டுப் போய்விடலாம்தான். ஆனால் வடக்கே 36 புள்ளி போட்டுப் பார்க்கிற கல்யாணப் பொருத்தத்தில் இந்த வர்ணத்துக்கு ஒரு புள்ளி இருக்கிறது. மாப்பிள்ளையின் ராசி வர்ணம் பெண்ணுடையதற்குச் சமமாகவோ மேலாகவோ இருக்க வேண்டுமாம். கீழே இருந்தால் புள்ளி கிடையாது. இது மனு போட்ட பிரதிலோமத் தடை அல்லாமல் வேறென்ன? 2015இல் கோகுல்ராஜையும் 2016இல் உடுமலை சங்கரையும் கொன்ற தடை அதுதான். தெருவில் அரிவாளோடு நிற்பது பொருத்தக் கட்டத்தில் ஒரு புள்ளியாக உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

நமக்கு வானத்தில் இடமே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. கொடுத்திருக்கிறார்கள். ஆறாம் நூற்றாண்டு வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதை நட்சத்திரங்களுக்கும் சாதி பிரிக்கிறது. அதில் ஆயில்யம், விசாகம், திருவோணம், பரணி நான்கும் சண்டாள நட்சத்திரங்கள். விசாகத்தின் நாலாம் பாதம் விருச்சிகத்தில் விழுகிறது. ராசியால் பிராமணன், நட்சத்திரத்தால் சண்டாளன்! ஒரே குழந்தை, ஒரே நிமிஷம். வைகாசி விசாகம் புத்தருடைய நாள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். குருவோடு ராகு சேர்ந்தால் அதற்கு 'குரு சண்டாள யோகம்' என்று பெயர். ராசிபலன் பக்கங்களில் இந்தப் பெயர் கூச்சமில்லாமல் அச்சாகிறது. தெருவில் சொன்னால் வன்கொடுமை, கட்டத்தில் சொன்னால் சாஸ்திரம்.

சரி, வானத்தில் என்ன இருக்கிறது? ஆடி மாதம் ராத்திரி ஒன்பது மணிக்குத் தெற்கே திரும்பி நில்லுங்கள். பாதி உயரத்தில் ஒரு செக்கச்சிவந்த மீன் தெரியும், அதுதான் கேட்டை. அதற்கு மேற்கே வரிசையாக நிற்பது அனுஷம். கீழே வளைந்து இறங்கிச் சுருண்டு தூக்கி நிற்பது வால். களத்தில் நெல்லுக்குக் காவல் படுத்திருந்த எங்கப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, 'தா பாரு தேளு' என்று விரலை நீட்டுவார். கண் இருக்கிற எவனுக்கும் தெரிகிற தேள் அது.

அந்தத் தேளைத்தான் துண்டு போட்டிருக்கிறார்கள். வால் நுனியில் இருக்கும் மூலம் பஞ்சாங்கத்தில் தனுசுக்குச் சொந்தம். முன்கொடுக்கு இரண்டும் துலாமாகிவிட்டது. அந்த இரண்டு மீன்களுக்கும் அரபியில் இன்றைக்கும் தெற்குக் கொடுக்கு, வடக்குக் கொடுக்கு என்றுதான் பெயர். விசாகம் என்பது அந்தக் கொடுக்குதான். கொடுக்கும் இல்லை, வாலும் இல்லை. மிச்சமிருக்கிற முண்டத்துக்குத்தான் பிராமண வர்ணம்.

இன்னொன்று. கார்த்திகை மாதம் முழுக்கச் சூரியன் விருச்சிகத்தில் இருக்கிறது என்பது பஞ்சாங்கம். சர்வதேச வானியல் ஒன்றியம் 1930இல் வெளியிட்ட எல்லைகளின்படி, சூரியன் தேளுக்குள் இருப்பது நவம்பர் 23 தொடங்கி ஏறக்குறைய ஒரே ஒரு வாரம். பிறகு 18 நாள் அது கடப்பது ஒபியூக்கஸ் என்ற கூட்டத்தை, பாம்பைக் கையில் பிடித்து நிற்கிறவனை. பதின்மூன்றாவது ஆள். சூரியன் அவன் வீட்டில் கூடுதல் நாள் தங்குகிறது, ஆனால் பட்டியலில் அவன் பெயர் கிடையாது. (அந்த எல்லைக்கோடும் மனுஷன் போட்டதுதான். ஆனா அதை வச்சிக்கிட்டு யாரும் பொண்ணு பார்க்கப் போகலை.)

உடனே ஜோதிடர் சொல்வார்: 'ராசி என்பது படம் இல்லை சார், வானத்தை முப்பது முப்பது பாகையாகப் பிரித்த கணக்கு.' ஒத்துக்கொள்கிறேன். வெறும் கணக்குத் துண்டுக்கு எப்படி சாதி வந்தது? தேளாகவும் அது தேளில்லை. கேட்டை சுமார் 550 ஒளியாண்டு தூரத்தில் கிடக்கிறது; அதே தேளின் முதுகில் சுமார் 65 ஒளியாண்டிலேயே ஒரு மீன் இருக்கிறது. பக்கத்துப் பக்கத்தில் இருப்பதுபோல் தெரிவது நாம் நிற்கிற இடத்தால். அந்தக் கேட்டையைச் சூரியன் இருக்கும் இடத்தில் வைத்தால் பூமியையும் தாண்டிச் செவ்வாயின் பாதையையும் விழுங்கிவிடும். அத்தனை பெரிய நெருப்புக்கு எங்க அக்கா மகளோடு என்ன தகராறு?

ஏன் கேட்கிறேன் என்றால், அவள் கேட்டை நட்சத்திரம். பி.எட். முடித்து வேலையில் இருக்கிறாள். வந்த வரன் நம்மாளுங்கதான். பையனின் அப்பா அரசு வேலையில் ஓய்வு பெற்றவர், வீட்டுக் கூடத்தில் அம்பேத்கர் படம் மாட்டியிருக்கிறார். பேச்செல்லாம் முடிந்தது. ஒரு வாரம் கழித்து என்னைத் தனியாகக் கூப்பிட்டு, 'தப்பா நெனைச்சிக்காத தம்பி, பொண்ணு தங்கம். கேட்டை மூத்தானுக்கு ஆகாதுன்றாங்க. எனக்கு மூத்த புள்ளை ஒருத்தன் இருக்கான்ல' என்றார். மூத்த பிள்ளை நாலு வருஷமாக் குடிச்சுக் குடிச்சு ஈரலைக் கெடுத்துக்கொண்டவன். அந்தப் பழியைச் சுமக்க 550 ஒளியாண்டு தள்ளி ஒரு நட்சத்திரமும், பக்கத்து ஊரில் ஒரு பெண்ணும் தேவைப்பட்டிருக்கிறது. மூலம் மாமனாருக்கு ஆகாது, ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது, விசாகம் கொழுந்தனுக்கு ஆகாது. பெண்ணுக்கு ஆகாத மாப்பிள்ளை நட்சத்திரம் எது? அப்படி ஒரு பழமொழியை நான் கேட்டதில்லை.

எங்க பாட்டிக்குப் பிறந்த தேதியே தெரியாது. கூழ் ஊத்தின வருஷம், ஏரி உடைஞ்ச வருஷம் என்றுதான் கணக்கு. ஜாதகம் நம்மில் பலருக்குச் சம்பளத்தோடு வந்த பொருள். மெத்தை வீடு, மோட்டார் சைக்கிள், அப்புறம் மஞ்சள் தடவிய நோட்டு.

ஒரு தோழர் இதற்கு மறுப்பு சொன்னார்: வள்ளுவர்கள் நம்மவர்கள், சோதிடம் நம் அறிவு, பார்ப்பான் அதைத் தனதாக்கிக்கொண்டான். வள்ளுவர்கள் பட்டியல் சாதியினர், தலைமுறை தலைமுறையாக நாள் கணித்தவர்கள், தீட்டு பார்த்தவர்களே அவர்களிடம் நாள் கேட்டு நின்றார்கள் என்பதெல்லாம் உண்மை. கோள் எங்கே நிற்கிறது, கிரகணம் எப்போது என்று கணித்த அந்த மூளையை நான் கும்பிடுவேன். ஆனால் கேட்டைக்காரி மூத்தானுக்கு ஆகாது என்பதை யார் வாய் சொன்னாலும் அது பார்ப்பனியம்தான். களவு போன பொருளை மீட்கலாம். அதிலிருக்கிற விஷத்தையும் சேர்த்து ஏன் மீட்க வேண்டும்?

வானத்தில் நமக்கு ஆள் வேண்டுமென்றால் மேக்நாத் சாகாவைப் படியுங்கள். வங்காளத்தில் தாழ்ந்ததாகக் கருதப்பட்ட சாதியில் பிறந்தவர். நட்சத்திர ஒளியைப் பிரித்து அதன் வெப்பத்தைப் படிக்க 1920இல் சமன்பாடு கொடுத்தவர். கேட்டை ஏன் சிவப்பு, அதன் உடம்பில் என்ன இருக்கிறது என்று படிப்பது அந்த வழியில்தான். 1952இல் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவுக்கும் அவர்தான் தலைவர். சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 22 வாக்கில், பஞ்சாங்கம் உத்தராயணம் என்பதோ தை பிறக்கும்போது; 23 நாள் பிசகு. இதைச் சரிசெய்த தேசிய நாட்காட்டி 1957இல் வந்தது. ஊர் பழைய பஞ்சாங்கத்தை விடவில்லை. 2001இல் பல்கலைக்கழக மானியக் குழு ஜோதிடத்தையே பட்டப்படிப்பாக்கியது, அதை எதிர்த்த வழக்கை 2004இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

நீதிமன்றத்தை விடுங்கள். நம் அமைப்புகள் நடத்துகிற மணமக்கள் அறிமுகக் கூட்டத்தின் படிவம் ஒன்று கையில் இருக்கிறது. மேலே புரட்சியாளர் படம். நடுவில் 'ராசி', 'நட்சத்திரம்' என்று கோடு போட்ட இரண்டு வரி. அடுத்த படிவம் அச்சுக்குப் போகும் முன் அந்த இரண்டு வரியையும் எடுத்துவிடுங்கள்.