மீனின் செவுளில் ஒரு பழைய வரலாறு



மீன் வாங்கச் செல்லும் நம் இல்லத்தரசிகள் முதலில் செய்வது, செவுளைத் தூக்கிப் பார்ப்பதுதான். சிவந்திருந்தால் புதிய மீன், வெளுத்திருந்தால் பழையது. அந்தச் செவுளில் கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிறு புழுக்கள் ஒட்டி வாழ்வதுண்டு. அருவருப்படைய வேண்டாம். நிலமும் கடலும் கடந்து வந்த மீன்களின் வரலாற்றுக்கு அந்தப் புழுக்களே சாட்சிகள்.

கோவளத்திற்கும் மாமல்லபுரத்திற்கும் செல்லும் வழியில் உள்ள முட்டுக்காடு உப்பங்கழியை அறியாதவர் செங்கற்பட்டு மாவட்டத்தில் இரார். ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் இத்தகைய கழிகளில் வாழ்வது கரிமீன். நம் ஏரி குளங்களில் மலிந்து கிடப்பது ஜிலேபி மீன். இரண்டும் சிக்லிட் என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆனால் கரிமீன் இம்மண்ணுக்கு உரியது. ஜிலேபியோ ஆப்பிரிக்காவுக்கு உரியது. அது 1952இல் மண்டபத்தில் கொண்டுவந்து விடப்பட்டு, பின்னர் நாடெங்கும் பரவியது.

சிக்லிட் குடும்பத்து மீன்கள் ஆப்பிரிக்காவிலும், அமெரிக்கக் கண்டங்களிலும், மடகாஸ்கரிலும், இந்தியா, இலங்கையிலும் வாழ்கின்றன. கரிமீனுக்கு நெருங்கிய உறவினர் சிலர் ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் மடகாஸ்கர் தீவில் இருக்கின்றனர். நன்னீரிலும் கழிநீரிலும் வாழும் மீன்கள் இவ்வாறு சிதறியது எப்படி?

இதற்கு அறிஞர்கள் இரு விடைகள் கூறுகின்றனர். முதலாவது, நிலமே நகர்ந்தது என்பது. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒருகாலத்தில் ஒட்டியிருந்தன. ஏறத்தாழ 8 கோடியே 80 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன. ஆப்பிரிக்காவிலிருந்து அவை விலகியது அதற்கும் வெகு முன்னர். நிலம் பிரிந்தபோது அதிலிருந்த மீன்களும் பிரிந்தன என்பது இவர்கள் வாதம். இரண்டாவது, மீன்களே கடலோரமாக நீந்திப் பரவின என்பது. இதுவரை கிடைத்துள்ள மிகப் பழைய சிக்லிட் புதைபடிவங்கள், தான்சானியாவில் கிடைத்த ஏறத்தாழ 4 கோடியே 60 இலட்சம் ஆண்டுப் பழமையுடையவையே. நிலம் பிரிந்த காலத்தில் இம்மீன்கள் இருந்தனவா என்னும் ஐயம் இதனால் எழுகிறது.

இங்கேதான் புழு சாட்சி சொல்ல வருகிறது. செவுள்புழு தன் வாழ்நாளை ஒரே மீனில் கழிப்பது. அதன் முட்டையிலிருந்து வரும் குஞ்சு சிறிது காலத்திற்குள் தனக்கேற்ற மீனைப் பற்றிக்கொள்ள வேண்டும், இல்லையேல் மடியும். பெரும்பாலும் ஒவ்வொரு வகைப் புழுவும் தனக்கென ஒரு மீனினத்தையே நாடுகிறது. எனவே நிலம் மட்டுமே மீன்களைப் பிரித்திருந்தால், ஆப்பிரிக்க மீனின் செவுள்புழுவும் ஆசிய மீனின் செவுள்புழுவும் உடன்பிறப்புகளாக இருக்க வேண்டும். அவ்வாறில்லை என்று 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது. நன்னீர்ப் புழு கடலுப்பைத் தாங்காது. மீன்கள் கடல் கடந்தபோது பழைய செவுள்புழுக்களை இழந்து, சென்ற இடத்தில் வேறு மீன்களிடமிருந்து புதியவற்றைப் பெற்றிருக்கலாம் என்று அந்த ஆய்வாளர்கள் கருதினர்.

இன்னொரு சாட்சியும் உண்டு. மீனின் இரைப்பைக்குள் வாழும் ஒரு புழுப் பேரினத்தை 1963இல் பாப்பர்ணா என்னும் அறிஞர் விவரித்தார். பின்னர் 1973இல் குசேவ், பெர்னாண்டோ ஆகியோர் அதே பேரினத்தின் புழுக்களை இலங்கைக் கரிமீனிடம் கண்டு எழுதினர். வயிற்றுக்குள் இருப்பதால் வெளியிலுள்ள உப்பு அதைத் தாக்குவதில்லை. ஆகவே கடற்பயணத்திலும் அது பிழைத்திருக்கலாம். எனினும் நிலம் நகர்ந்தது என்னும் வாதத்திற்கும் இந்தச் சாட்சி முரணானதன்று. ஆதலால் வழக்கு இன்னும் முடியவில்லை.

நிலம், கடல் என்னும் இரு வழிகளோடு இன்று மூன்றாவது வழி ஒன்று சேர்ந்துள்ளது. அது மனிதன். மீனை ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டிற்குக் கொண்டு செல்கையில் அதன் புழுவையும் சேர்த்தே கொண்டு செல்கிறோம். இந்தியாவுக்கு வந்த ஜிலேபியோடு அதன் ஆப்பிரிக்கச் செவுள்புழுக்களும் வந்துவிட்டன. வளர்ப்பு மீன்களோடு ஸ்வீடனிலிருந்து நார்வே சென்ற ஒரு சிறு புழு, 1970களிலிருந்து ஏறத்தாழ 50 ஆறுகளில் சால்மன் குஞ்சுகளைச் சூறையாடியது. அதை ஒழிக்க, பல ஆறுகளில் மருந்திட்டு எல்லா மீன்களையுமே கொல்ல வேண்டியதாயிற்று. பால்டிக் கடலைச் சேர்ந்த சால்மனுக்குப் பெருந்தீங்கு செய்யாத அதே புழு, அதனோடு பழகாத மீனுக்கு எமனாகிவிட்டது.

முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வு நிலையம் கரிமீன் குஞ்சுகளை உற்பத்தி செய்து வருகிறது. நம் கழியோரக் குடும்பங்கள் பலவற்றின் உலை கொதிப்பதும் இந்தக் கழி மீன்களால்தான். அதனைக் காப்பதில் நமக்கும் பங்குண்டு.

சகோதரிகளே! செவுள்புழு மனிதரைத் தொற்றுவதில்லை. செவுளை நீக்கி, கழுவி, நன்கு வேகவைத்த மீனை அஞ்சாமல் உண்ணலாம். ஆனால் பிள்ளைகள் கண்ணாடித் தொட்டியில் வளர்த்துச் சலித்த அலங்கார மீனை, "பாவம், பிழைக்கட்டும்" என்று கிணற்றிலோ ஏரியிலோ விட இடங்கொடுக்காதீர்கள். தொட்டி நீரையும் அங்கே கொட்ட வேண்டாம். வளர்க்க இயலாவிடில் வளர்க்கும் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். ஓர் உயிருக்கு இரக்கம் காட்டுவதாக எண்ணிச் செய்யும் செயல், ஏரி முழுவதும் வாழும் உயிர்களுக்குத் தீங்காகிவிடலாம். இதைப் பிள்ளைகளுக்கு இன்றே சொல்லி வைப்போமாக!