நானும் ஒருமுறை கலைக்கிறேன், கொடுங்கள்

மேஜிக் சீட்டு விளையாடுபவர்களில் பலருக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆட்டத்துக்கு முன் கட்டைப் பிரித்து, இரண்டு மந்திரச் சீட்டுக்கு ஒரு நிலச் சீட்டு என்ற வரிசையில் அடுக்குவார்கள். பிறகு பேருக்கு இரண்டு தடவை கலைத்து மேசையில் வைப்பார்கள். கேட்டால், "லேண்ட் எல்லாம் ஒட்டிக்கிட்டுக் கிடக்குது, பிரிச்சு விடுறேன்" என்று பதில் வரும். சிங்கப்பூரில் சீட்டுக் கடைகள் நடத்தும் வாராந்தரப் போட்டிகளில் நடுவராக இருக்கிறேன். இதைத் திருட்டு என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

விளையாடாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்ற ரிச்சர்ட் கார்ஃபீல்டு உருவாக்கி 1993இல் வெளிவந்த ஆட்டம் இது. கட்டில் குறைந்தது 60 சீட்டு வேண்டும். அதில் 24 நிலம் வைப்பது வழக்கம். நிலம் இறங்கினால்தான் மந்திரம் போட முடியும். நேர்மையாகக் கலைத்த அப்படிப்பட்ட கட்டில், முதலில் எடுக்கும் 7 சீட்டில் நிலமே இல்லாமலோ ஒன்றே ஒன்றுடனோ வர 14 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. ஏழு ஆட்டத்துக்கு ஒன்று என்று வையுங்கள். கட்டில் கோளாறு எதுவும் இல்லை, குருட்டு வாய்ப்பின் இயல்பே இதுதான். ஆனால் தோற்றவனுக்கு அது அநியாயமாகப் படுகிறது. அந்த எரிச்சலில் அடுக்க ஆரம்பிக்கிறான்.

அடுக்கிய கட்டை நன்றாகக் கலைத்தால் அடுக்கு அழிந்துவிடும், அடுக்கிய நேரம் வீண். அழியவில்லையென்றால் எதிராளிக்கு வரக்கூடிய கெட்ட கை உங்களுக்கு மட்டும் வராது. "பழக்கதோஷம், பலன் ஒன்றும் இல்லை" என்பவரிடம், அப்படியானால் ஏன் விடமாட்டேன் என்கிறீர்கள் என்று கேட்பேன். இதுவரை உருப்படியான பதில் வரவில்லை.

52 சீட்டை ஏழு முறை பாதியாகப் பிரித்துக் கோத்துக் கலைத்தால் ஏறக்குறையப் போதும் என்று டேவ் பேயரும் பெர்சி டயகோனிஸும் 1992இல் கணித்துக் காட்டினார்கள். 60 சீட்டுக்கு இன்னும் ஒன்றிரண்டு கூடப் போகட்டும். குவியல் குவியலாகப் போட்டு அள்ளுவது கலைப்பதே அல்ல. சீட்டை எண்ணிப் பார்ப்பதற்காக, ஆட்டத் தொடக்கத்தில் ஒருமுறை மட்டுமே அதற்குப் போட்டி விதி இடம் தருகிறது.

பெரிய திருட்டுகள் செய்தியாகிவிடும். 2019இல் லண்டனில் நடந்த போட்டியில், சீட்டைப் போட்டுவைக்கும் உறையில் (ஸ்லீவில்) அடையாளம் இருந்ததாக ஜப்பானிய நட்சத்திரம் யூயா வதனாபே வெளியேற்றப்பட்டார். பின்னர் 'ஹால் ஆஃப் ஃபேம்' பட்டியலிலிருந்தும் நீக்கப்பட்டார். எதிராளியின் கட்டைக் கலைக்கும் சாக்கில் அதையே தனக்குச் சாதகமாக அடுக்கியவர்களும் உண்டு. அதனால் கலைப்பவரின் கையைவிட அவர் கண் எங்கே போகிறது என்றுதான் நான் பார்ப்பேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு கலைப்பவரைப் பற்றி எனக்குக் கவலையில்லை. வளைந்துபோன பளபளப்புச் சீட்டு (ஃபாயில்) வேறு ஒரு தலைவலி. கட்டை வெட்டும்போது விரல் தானாக அந்த இடத்தில் போய் நிற்கும். அதை வைத்திருப்பவருக்கே சில சமயம் அது தெரிவதில்லை.

இவற்றுக்கெல்லாம் எளிய தடுப்பு, எதிராளி உங்கள் கட்டை வாங்கித் தானும் கலைப்பது. பெரிய போட்டிகளில் அது கட்டாயம். கடைப் போட்டியில் விருப்பம்போல. அங்கேதான் சிக்கலே. பதின்ம வயதுப் பையன் கையை நீட்டினால், "என்ன தம்பி, அங்கிள் மேல நம்பிக்கை இல்லையா?" என்று சிரிப்பார்கள். பையன் கையை இழுத்துக்கொள்வான். கல்யாண வீட்டு ரம்மியில் ஒருவர் கலைத்ததைப் பக்கத்தில் இருப்பவர் வெட்டுகிறார், அங்கே யாரும் முகம் சுளிப்பதில்லை. இங்கே மட்டும் எங்கிருந்து வந்தது இந்த மானப் பிரச்சினை?

ஒரு சுற்றுக்கு 50 நிமிடம் தருகிறோம். எதிராளி ஒருமுறை கலைத்துத் தர அரை நிமிடம் போதும். எல்லாக் கட்டையும் எதிராளி கலைத்தே ஆகவேண்டும் என்று போட்டி அறிவிப்பிலேயே அச்சடிக்கும்படி கடைக்காரர்களிடம் கேட்டு வருகிறேன். யார் யாரை நம்புகிறார் என்ற பேச்சே அப்போது எழாது. ஒருவர் சரி என்றிருக்கிறார். இன்னொருவர், வாடிக்கையாளர் கோபித்துக்கொள்வார்களே என்று இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறார்.