கொட்டை எழுத்து

பெயர்ப் பலகை என்பது, நின்று நிதானமாக வாசிக்க அவகாசமுள்ளவருக்காக எழுதப்படுவதன்று. ஓடும் பேருந்தின் ஜன்னலோரத்திலிருந்து ஒரு கணம் எட்டிப் பார்த்து, இறங்க வேண்டிய ஊர் வந்துவிட்டதா என்று அறியத் துடிக்கும் பிரயாணிக்காகவே அது எழுதப்படுகிறது. ஆகவே அந்த எழுத்து உயரமாகவும் தடிப்பாகவும், அதே சமயம் பலகையின் அகலத்துக்குள் அடங்குவதாகவும் இருக்க வேண்டும். கொட்டை எழுத்து என்று நம் ஜனங்கள் வழங்குவதில், இவ்வாறு அகலம் ஒடுங்கிய வகைதான் வரைவதற்கு மிகக் கடினமானது.

ஐரோப்பியர் இவ்வகையில் வெகுகாலமாகத் தேர்ச்சி பெற்றவர்கள். ஜெஃப்ரி லீ என்பவர் வரைந்து, ஷெஃபீல்டு நகரத்து ஸ்டீஃபன்சன் பிளேக் வார்ப்பகம் 1965இல் வெளியிட்ட ‘இம்பாக்ட்’ என்ற எழுத்துரு இன்று உலகமெங்கும் கணினிகளில் காணக்கிடைக்கிறது. ரோமன் எழுத்துகளிற் பல நேர்க்கோடுகளால் ஆனவையாதலின், அவற்றை நெருக்கி நிறுத்தினாலும் உருவம் கெடுவதில்லை. தமிழோ சுழியாலும் வளைவாலும் ஜீவிக்கும் லிபி. தடிப்பை ஏற்றி அகலத்தைக் குறைத்தால், சுழியின் உள்ளே இருக்கும் வெற்றிடம்தான் முதலில் அடைபடும்.

திண்டிவனம் என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். சென்னை, விழுப்புரம், புதுச்சேரி, திருவண்ணாமலை என நாற்றிசைச் சாலைகளும் கூடுகிற அவ்வூரின் பெயரில் மூன்று சுழி ணகரமும் இரண்டு சுழி னகரமும் ஒருங்கே வருகின்றன. விகாரமாக நசுக்கிய கொட்டை எழுத்தில் எது மூன்று சுழி, எது இரண்டு சுழி என்று பிரித்தறிய இயலாமல், இரண்டும் மசிக்கட்டிகளாகத் திரண்டு நிற்கும். அடுத்துள்ள ஓமந்தூருக்கு வேறு விதமான சங்கடம். ஒகரக் குறிலுக்கும் நெடிலுக்கும் இடையே உள்ள பேதமெல்லாம் அடியிலுள்ள ஒரு சிறு சுழியில் அடங்கியிருக்க, அந்தச் சுழி அடைபட்டுவிட்டால் ஊரின் முதலெழுத்தே ஐயத்துக்கு இடமாகிறது.

அந்த ஊரின் பெயரோ சாமானியமானதன்று. அங்கே விவசாயக் குடும்பத்தில் பிறந்த ராமசாமி ரெட்டியார் 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தார். ஆலயப் பிரவேசச் சட்டமும் தேவதாசி ஒழிப்புச் சட்டமும் அவர் காலத்தவை. அவரை நினைவூட்டும் ஓமந்தூரார் அரசினர் தோட்டத்தில் இன்று பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனை நடக்கிறது. இத்தனை நீண்ட பெயரை ஒரு பலகையில், நோயாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிவருபவர் கண்ணுக்குத் தெரியும்படி எழுத வேண்டுமானால், ஒடுங்கிய தடித்த எழுத்தை விட்டால் வேறு கதி ஏது?

எழுத்துச் சீர்திருத்தம் இத்தேவையைப் பின்னும் மிகுவித்தது. 1935இல் பெரியார் ‘குடி அரசு’ இதழில் கையாளத் தொடங்கி, 1978இல் தமிழக அரசு ஏற்ற வடிவங்களால், னை, லை முதலியவற்றில் எழுத்தின் தலைமேல் துதிக்கைபோல் ஏறியிருந்த குறி போய், முன்னே தனி இடம் கேட்கும் இணைக்கொம்பு வந்தது. அச்சுக்கோப்பவருக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் அது பெரும் உபகாரமே. ஆயினும் தலைப்பெழுதுபவருக்கு வரி சற்று நீண்டது.

நீண்ட வரியை அடக்கக் கணினியில் எழுத்தைப் பக்கவாட்டில் அமுக்கிவிடும் வழக்கம் ஃப்ளெக்ஸ் அச்சிடும் கடைகளில் பரவியிருக்கிறது. அகலத்தைப் பாதியாக்கினால் நெட்டுக்கோட்டின் தடிப்பும் பாதியாகிவிடுகிறது; படுக்கைக் கோட்டின் தடிப்போ அப்படியே நிற்கிறது; வட்டமான புள்ளி முட்டை வடிவாகிறது. இது ஒடுக்கிய எழுத்தன்று, ஒடிந்த எழுத்து.

சுவரில் எழுதிய பழைய ஓவியர்கள் இத்தவறைச் செய்ததில்லை. வெள்ளையடித்த சுவரில் மேலும் கீழும் கோடு போட்டு, எழுத்துகளை எண்ணி இடம் பகிர்ந்த பின்னரே அவர்கள் வண்ணத்தைத் தொட்டார்கள். கையிலிருந்த தட்டைத் தூரிகையின் அகலம் மாறாதாதலால், எழுத்து எவ்வளவு ஒடுங்கினாலும் கோட்டின் தடிப்பு குறையவில்லை. ணகரத்தின் சுழிகளுக்கு மட்டும் கூடுதல் இடம் ஒதுக்கி, ரகரத்தை இறுக்கிச் சரிக்கட்டினார்கள். எழுத்துக்கு எழுத்து வேறு நியாயம் வழங்கிய அந்த விவேகமே இக்கலையின் சாரம்.

அந்த விவேகத்தைக் கணினிக்குள்ளும் கொண்டுவர முடியும். மும்பையின் எக் டைப் நிறுவனத்தார் 2022இல் வெளியிட்ட ‘அனேக்’ எழுத்துருக் குடும்பத்தில், தமிழ் உள்ளிட்ட பத்து லிபிகளுக்கு, ஒடுங்கியதிலிருந்து விரிந்தது வரை, மெலிந்ததிலிருந்து தடித்தது வரை, ஒவ்வோர் எழுத்தும் அதற்கென வரையப்பட்டுள்ளது. அதைப் பயன்படுத்தக் காசும் வேண்டியதில்லை.

ஆகவே ஊராட்சிகளுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் நான் விடுக்கும் வேண்டுகோள் இதுதான்: பலகைக்கு உத்தரவிடும்போது நீள அகலத்தைக் குறிப்பதோடு நில்லாமல், ஒடுக்கமாகவே வரையப்பட்ட எழுத்துருவையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்; அச்சிடுமுன் மாதிரியைச் சாலையின் எதிர்ப்புறத்தில் நின்று வாசித்துப் பாருங்கள். தாய்மொழியில் பலகை வைப்பது அரசின் கடமையென்றால், அதைத் தெளிவாக வாசிக்கச் செய்வதும் அந்தக் கடமையின் பிரிக்கவொண்ணாத பகுதியே.