அவுட்புட் வந்தால் முழு மார்க்கா?

நீளமான பதிவு. நேரம் இருக்கிறவர்கள் படியுங்கள். பாலிடெக்னிக்கிலும் இன்ஜினியரிங் கல்லூரியிலும் இப்போது எலக்ட்ரானிக்ஸ் எடுத்துக்கொண்டிருக்கிறவர்கள் நேரம் இல்லாவிட்டாலும் படியுங்கள். உங்களைத் திட்டத்தான் எழுதுகிறேன்.

மைக்ரோகண்ட்ரோலர் லேபில் ‘அவுட்புட் வந்தது’ என்பதற்கு மார்க் போடுவதை நிறுத்துங்கள். ஓடாத புரோகிராமைக் கையில் கொடுத்து, ஏன் ஓடவில்லை என்று கண்டுபிடிக்கிற பிள்ளைக்குப் போடுங்கள்.

ஓய்வு பெற்று வருஷங்கள் ஆகியும் நாச்சியாபுரத்தில் என் வீட்டுக்கு இறுதியாண்டுப் பிள்ளைகள் போர்டைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். “சார், இன்டரப்ட் வேலை செய்யலை.” ரெண்டு நாளாக முயற்சி பண்ணினார்களாம். என்ன முயற்சி என்று கேட்டால், நெட்டில் இருந்து இன்னொருவர் கோடை எடுத்துப் போட்டது, அது ஓடாமல் ஏ.ஐ.யிடம் கேட்டு மூன்றாவது ஒன்றைப் போட்டது, கடைசியில் இரண்டு இடத்தில் ‘டிலே’ சொருகியது. “சரி தம்பி, இன்டரப்ட் வரவே இல்லையா, வந்தும் உன் ஹேண்ட்லருக்குள் போகவில்லையா, போய்த் திரும்பி வரவில்லையா?” என்று கேட்டால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். நான்கு வருஷத்தில் யாரும் அவர்களிடம் கேட்டதில்லை.

இந்தத் துறை தெரியாதவர்களுக்காக: கணக்குப்பிள்ளை பேரேடு எழுதிக்கொண்டிருக்கிறார். வாசலில் ஆள் கூப்பிடுகிறது. எழுதிய இடத்தில் அடையாளம் வைத்துவிட்டுப் போய், வந்த வேலையை முடித்து அனுப்பிவிட்டு, விட்ட இடத்தில் இருந்து எழுதுகிறார். அந்தக் கூப்பிடுதல்தான் இன்டரப்ட். வாசலில் அவர் செய்கிற வேலை ஹேண்ட்லர். ஆபரேட்டிங் சிஸ்டம் எதுவும் இல்லாமல், சிப்பின் ரிஜிஸ்டரில் நாமே நேராக எழுதும்போது, அடையாளம் வைப்பது போன்ற சில காரியங்களைச் சிப்பும் கம்பைலரும் பார்த்துக்கொள்ளும். மற்றதெல்லாம் நம் தலையில்.

இதை நாம் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறோம்? ட்ராப் என்றால் 0024, ஆர்.எஸ்.டி. 7.5 என்றால் 003சி. இன்டெல் 8085 வந்தது 1976இல். அதன் வெக்டர் முகவரிகளைத் திருக்குறள் மாதிரி ஒப்பிக்கிற பிள்ளைக்கு, கையில் இருக்கிற போர்டு எந்த முகவரிக்குத் தாவுகிறது என்று பார்க்கத் தெரியாது. 8085 மேல் எனக்குக் கோபம் இல்லை, அருமையான சிப். ஒப்பித்ததற்கு மார்க் போடுகிறவர்கள் மேல்தான் கோபம்.

ஆர்டுயினோ ஊனோவில் இருக்கிற ஏடிமெகா 328பி சிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். டைமர் ஹேண்ட்லரின் வெக்டர் பெயரில் ஒரு எழுத்துப் பிழை. கம்பைலர் ஒரு எச்சரிக்கை வரி காட்டிவிட்டு விட்டுவிடும். அந்த வரியை யார் படிக்கிறார்கள்? இன்டரப்ட் வந்ததும், ஹேண்ட்லர் இல்லாததால் புரோகிராம் முதலில் இருந்து தொடங்கும். பிள்ளைகள் பவர் சப்ளை சரியில்லை என்று அடாப்டரை மாற்றுகிறார்கள்! எஸ்.டி.எம் 32 போர்டில் இதே தப்பைச் செய்தால் முடிவில்லாத ஒரு வளையத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். போர்டு செத்துவிட்டது என்று புதிது வாங்குகிறார்கள். அப்பா அம்மா காசு.

இதையாவது ஒரு நாளில் பிடித்துவிடலாம். கொல்லுகிற தப்பு வேறு. இது 8 பிட் சிப். 16 பிட் எண்ணை ஒரே மூச்சில் படிக்காது, இரண்டு பாதியாகப் படிக்கும். கவுண்ட் 255இல் இருக்கிறது. கீழ்ப் பாதியைப் படித்தாயிற்று. அந்த நேரம் பார்த்து இன்டரப்ட் வந்து எண்ணை 256 ஆக்கிவிடுகிறது. திரும்பி வந்து மேல் பாதியைப் படிக்கிறது. கையில் கிடைப்பது 511. கணக்குப்பிள்ளை ஒரு தொகையின் பாதியைப் பழைய சீட்டில் இருந்தும், மீதியைப் புதிய சீட்டில் இருந்தும் எழுதின மாதிரி. ‘வாலடைல்’ என்று போட்டாலும் இது தீராது. படிக்கிற அந்தக் கணம் இன்டரப்டை நிறுத்திவைக்க வேண்டும். ஆயிரம் தடவை சரியாக ஓடும், ஒரு தடவை ஓடாது. உங்கள் எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் பார்க்கிற பத்து நிமிஷத்தில் அது வரவே வராது. முழு மார்க்!

அந்தப் பிள்ளை வெளியே போய் என்ன செய்கிறான்? இந்தப் பக்கத்தில் ஒரு தம்பி போர்வெல் மோட்டாருக்குக் கண்ட்ரோலர் செய்து கொடுக்கிறான். மேஜையில் பிரமாதமாக ஓடியது. தோட்டத்து மோட்டார் ரூமில் வைத்ததும் தானாக நிற்கிறது, தானாக எடுக்கிறது. இரண்டு வாரம் கோடையே மாற்றிக்கொண்டிருந்தான். ஹேண்ட்லருக்குள் நுழையும்போது ஒரு பின்னை ஹை பண்ணு, வெளியே வரும்போது லோ பண்ணு, ஆஸிலாஸ்கோப்பில் பார் என்றேன். காண்டாக்டர் விடுகிற ஒவ்வொரு தடவையும் ஹேண்ட்லர் வரிசையாக ஓடுகிறது. மிதவை சுவிட்ச் ஆடவே இல்லை. காண்டாக்டர் பொறியின் இரைச்சல் நீளமான மிதவை ஒயரில் ஏறி வருகிறது. ஷீல்டு ஒயர், ஒரு புல்-அப் ரெஸிஸ்டர், சின்னக் கெப்பாசிட்டர், சில மில்லிசெகண்ட் கழித்து மிதவையை மறுபடி பார்த்து உறுதி செய்கிற நான்கு வரி. முடிந்தது. காயில் எரிந்திருந்தால் ரீவைண்டிங் செலவும், குழாயைக் கழற்றி மோட்டாரை மேலே தூக்கி இறக்குகிற கூலியும் அந்த விவசாயி தலையில். தண்ணீர் இல்லாமல் காய்கிற பயிர் தனி.

இதையும் சின்ன விஷயம் என்பீர்கள். தெராக்-25 என்று ஒரு புற்றுநோய்க் கதிர்வீச்சு இயந்திரம், கனடா நாட்டுத் தயாரிப்பு. 1985 முதல் 1987 வரை ஆறு பேருக்கு அளவுக்கு மீறிக் கதிர் பாய்ச்சியது. சிலர் இறந்தே போனார்கள். ஒரே நேரத்தில் ஓடுகிற வேலைகள் ஒரே மாறியைக் காவல் இல்லாமல் பகிர்ந்துகொண்டதுதான் ஒரு காரணம். மேலே சொன்ன 511 கதையின் பெரிய அண்ணன். 1986 மார்ச்சில் டெக்சாஸ் மாநிலம் டைலர் ஊர் மருத்துவமனையில் ஒருவருக்கு அடிபட்டதும் கம்பெனி ஆட்கள் வந்து சோதித்தார்கள். பிழை திரும்ப வரவில்லை. இயந்திரத்தை மறுபடி ஓடவிட்டார்கள். ஏப்ரலில் அடுத்தவருக்கு அடி. பிறகு அந்த மருத்துவமனை இயற்பியலாளர் பிரிட்ஸ் ஹேகர், இயந்திரத்தை இயக்குகிற பெண்மணியோடு உட்கார்ந்து, அவர் எந்த வேகத்தில் விசைகளைத் தட்டினார் என்று திரும்பத் திரும்பச் செய்து பார்த்து, பிழையை வேண்டும்போது வரவழைத்துக் காட்டினார். சுமார் எட்டு நொடிக்குள் திருத்தினால் வரும், மெதுவாகச் செய்தால் வராது. மெதுவாகச் செய்து பார்த்தவர்களுக்கு எல்லாம் சரியாக இருந்தது. நம் லேப் தேர்வு மாதிரியே!

“சார், அறுபது பிள்ளைகள், மூன்று மணி நேரம், பாதி ஸ்கோப் ரிப்பேர்” என்பீர்கள். தெரியும், நானும் அந்த லேபில்தான் நின்றேன். ஸ்கோப் இல்லாவிட்டால் ஒரு எல்.இ.டி. போதும். ஐந்து புரோகிராமை எடுத்து ஆளுக்கொரு தப்பு வையுங்கள்: ஒன்றில் வெக்டர் பெயரைக் கெடுங்கள், ஒன்றில் கொடியை அழிக்காமல் விடுங்கள், ஒன்றில் ‘வாலடைலை’ எடுத்துவிடுங்கள், ஒன்றில் ஹேண்ட்லருக்குள்ளேயே டிலே போடுங்கள், ஒன்றில் பட்டன் துள்ளலைக் கவனிக்காதீர்கள். என்ன சந்தேகப்பட்டேன், எப்படிச் சோதித்தேன், எது இல்லை என்று தெரிந்தது என்பதை எழுதச் சொல்லுங்கள். தப்பைப் பிடிக்காவிட்டாலும் அந்தத் தாளைப் பார்த்து மார்க் போடலாம். நெட்டில் இருந்து எடுத்து ஒட்டவும் முடியாது.

சென்னை ஐ.ஐ.டி. ‘சக்தி’ செயலியைச் செய்துவிட்டது, சி-டாக் ‘தேஜஸ்’ சிப்பைச் செய்துவிட்டது என்று எல்லாரும் பகிர்கிறீர்கள். எனக்கும் பெருமைதான். ஆனால் ஆர்டுயினோவுக்குக் கிடைக்கிற மாதிரி அவற்றுக்கு அள்ளி ஒட்டக் கோடு கிடைக்காது. மேனுவலைத் திறந்து, ரிஜிஸ்டர் ரிஜிஸ்டராகப் பார்த்துப் பிழை தேடுகிற ஆள் வேண்டும். அந்த ஆளை எந்த லேபில் தயார் பண்ணிக்கொண்டிருக்கிறீர்கள்?

இந்தப் பருவத் தேர்வுக்கு இன்னும் நாள் இருக்கிறது. கெடுத்து வைத்த ஐந்து புரோகிராம் என்னிடம் தயாராக இருக்கிறது, இரண்டு சிப்புக்கும். வேண்டுகிறவர்கள் உள்பெட்டியில் கேளுங்கள், அனுப்புகிறேன். விடை மட்டும் அனுப்பமாட்டேன்.