பேயைக் காட்டி மக்களை மறைக்கிறார்கள்!

விடுமுறை நாளொன்றில் சத்துவாச்சாரித் தோழர்கள் சிலர் கூடி இராமேசுவரம் சென்றோம். தீர்த்தமாடிப் பாவந் தொலைக்க அல்ல, தனுஷ்கோடியைக் காண! அங்கே ஒரு வழிகாட்டி எதிர்ப்பட்டார். “பொழுது சாயும் நேரம் வாருங்கள், பேய்களின் அழுகுரல் கேட்கும், வெள்ளுருவம் தெரியும்” என்றார். பேயில்லை என்று மேடைதோறும் முழங்குகிறோமே, உண்டென்பவர் காட்டட்டும், கண்டுவிடுவோம் என்று கட்டணம் கொடுத்து வண்டியேறினோம்.

கண்டதென்ன? கூரையிழந்த மாதா கோயில், இடிந்து கிடக்கும் இரயில் நிலையம், மணல் மூடிய சுவர்கள். சுவரின் பிளவிலே காற்றுப் புகுந்து ஊளையிட்டது. “கேட்டீர்களா அழுகுரலை!” என்றார். தொலைவில் ஒரு வெளிச்சம் அசைந்தது. “கொள்ளிவாய்ப் பிசாசு!” என்றார். நெருங்கிச் சென்றோம். வலை சுமந்து வந்த மீனவரின் கைவிளக்கு அது! வழிகாட்டியின் சட்டைப் பையிலே காவலுக்கு ஓர் எலுமிச்சம்பழம்; நம் சட்டைப் பையிலே வெறுமை. பேய் வரவில்லை, பணம் போயிற்று.

ஏமாந்த கதையென்று சிரித்துவிட்டுத் திரும்பியிருப்போம். சிரிக்க முடியவில்லை, தோழர்களே!

1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு, புயலும் பேரலையும் அவ்வூரை விழுங்கின. பாம்பனிலிருந்து சென்ற பயணி வண்டியைக் கடல் வாரிக்கொண்டது. அதில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்கள் உழைத்தவர்கள், பிள்ளை பெற்றவர்கள், பெயருடையவர்கள். அவர்களில் ஒருவர் பெயரையேனும் வழிகாட்டி சொன்னாரா? இல்லை. மாண்ட மனிதரைப் பேயாக்கிக் காட்டினார், காசாக்கினார். பேயென்று சொல்லிவிட்டால் அஞ்சலாம், ஆடலாம், மந்திரிக்கலாம். கேள்வி மட்டும் கேட்க வேண்டியதில்லை!

கேட்க வேண்டிய கேள்வி உண்டு. அதே புயலில் சிதைந்த பாம்பன் பாலத்தை, பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் செப்பனிட்டார்கள். அது அறிவின் வெற்றி, பாராட்டுகிறோம். ஊரையோ, வாழத் தகுதியற்றதென அறிவித்துக் கைகழுவினார்கள். 2017இல் அரிச்சல்முனை வரை புதுச்சாலை திறந்தார்கள். சாலையில் பயணியர் பறக்கிறார்கள்; சாலையோரக் குடிசையில் மீனவர் வாழ்கிறார்கள், மணலில் ஊற்றுத் தோண்டி நீர் முகக்கிறார்கள். கடல் கொண்ட மணல்திட்டில் மாளிகை எழுப்புக என்றா கேட்கிறோம்? உயிரோடிருப்பவனுக்குக் குடிநீரும் காப்பிடமும் தருக என்கிறோம். இரும்புக்கு 46 நாள் போதுமாயிற்று. மனிதனுக்கு அறுபது ஆண்டு போதவில்லையா? பிசாசென்று நமக்குக் காட்டப்பட்டவன் அந்த மனிதன்தானே!

தனுஷ்கோடி தொலைவிலிருக்கிறது என்று எண்ணாதீர். நம் பாலாற்றங்கரைக்கு வாருங்கள். 2015 சனவரி 31 அன்று, இராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றிலே மூழ்கி மாண்டனர். பிழைக்க வந்த வெளிமாநிலத்தார் அவர்களுள் பெரும்பாலோர். நாம் மறந்தால், நாளை அங்கும் ஒருவர் நின்று, “நள்ளிரவில் பத்துப் பேய்கள் அலைகின்றன” என்று கட்டணம் கேட்பார்!

இளைஞர்களே! பேயில்லை என்று சொல்வது பகுத்தறிவின் முதற்பாடம். பேயென்று பெயர் சூட்டி யாரை மறைக்கிறார்கள் என்று கேட்பது அடுத்த பாடம். அந்தப் பாடத்தைப் படிப்போம், பரப்புவோம். செத்தவர்க்கு நினைவும் இருப்பவர்க்கு வாழ்வும் கேட்போம்!